கட்டுச்சோறும் சத்திரமும்



ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டே கணினியில் வேலை பார்ப்பவர் தம்முடைய பணியிடத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்டதும் எந்தப் பை வாங்கலாம், எந்தச் சார்ஜர் நல்லது, எத்தனை சிம் வேண்டும் என்று ஒரு பட்டியலை எதிர்பார்ப்பீர்கள். பட்டியலும் வரும். ஆனால் பட்டியலோடு பேச்சை முடித்துக்கொள்ள நான் வரவில்லை. கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்று கேட்பது நம் ஊர் வழக்கம். கையில் கட்டிக்கொண்டு போகும் சோறு முதல் வேளைக்கு வரும், மறுவேளைக்கும் வரலாம். அதற்குமேல் வழியில் ஒரு சத்திரம் இருந்தாக வேண்டும். கணினியோடு பயணம் போகிறவருக்கும் இதுதான் கணக்கு. பணியிடத்தில் பாதியைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். மறுபாதியை ஊர் கொடுக்க வேண்டும். பாதி பையில், பாதி ஊரில். இந்த ஒன்றைத்தான் இன்று நிறுவப் போகிறேன்.

இந்த வழக்குக்கு முதல் சாட்சி நம் தஞ்சைப் பெரிய கோயிலே. கர்னல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவையே முக்கோணங்களாக வகுத்து அளக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். அவருடைய அலுவலகம் நடமாடும் அலுவலகம். கூடாரம், சங்கிலிகள், கணக்குப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோணங்களை அளக்கும் தியோடலைட் என்ற பெருங்கருவி. லண்டனில் செய்யப்பட்ட அந்தக் கருவி ஏறக்குறைய அரை டன் எடை. அந்தக் காலத்தில் உலகிலேயே நுட்பமான கருவிகளில் ஒன்று. அத்தனை நுட்பமான கருவியோடு காவிரிப் படுகைக்குள் இறங்கியவருக்கு இங்கே என்ன தடை வந்தது? தடை வேறெதுவும் இல்லை, நம் நிலத்தின் சமதளம்தான். மலையில்லை, குன்றில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னந்தோப்பும். தூரத்துப் புள்ளியை நோக்க வேண்டுமானால் உயரத்தில் ஏற வேண்டும். ஏறுவதற்கு எதைத் தேடினார்? நம் கோபுரங்களைத் தேடினார். உலகின் சிறந்த கருவி கையிலிருந்தும், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இராசராசன் எழுப்பி வைத்த உயரம் இல்லாமல் அந்தக் கருவியால் ஒரு கோணத்தைக்கூட இங்கே சரியாக அளந்திருக்க முடியாது.

அடுத்து நடந்ததும் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி. 1808இல் அந்தக் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றினார்கள். சுவரில் மோதாதபடி அதை விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் கருவி ஆடிப் போய்க் கல்லில் மோதியது. அதன் உயிர்நாடியான வட்டம் நெளிந்துபோயிற்று. லண்டனுக்கு எழுதி வேறொன்று வரவழைப்பதென்றால் கப்பல் பயணத்துக்கே மாதங்கள் ஆகும். லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினார். ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு நெளிந்த வட்டத்தை இழுத்து இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். வளைந்த ஆரைகளைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. கருவி மறுபடி வேலைக்கு வந்தது. பயணத்தில் வேலை பார்ப்பவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் எங்கே கிடைக்கும்? கருவி கெடும், கெட்டபோது அதைச் சரிசெய்யும் கைத்திறனும் கருவிப்பெட்டியும் அருகில் இருந்தால் பணியிடம் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது சாட்சிக்கு வருவோம். கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதைச் சந்தையில் முதன்முதலில் வெற்றிகரமாகக் காட்டியவர் ஆடம் ஆஸ்போர்ன். அவர் பிறந்தது பாங்காக்கில்; ஆனால் சிறுவயதில் வளர்ந்தது நம் திருவண்ணாமலையில். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவராக அங்கே வந்து தங்கியவர். ஆடம் ஆஸ்போர்ன் 2003இல் காலமானதும் நம் கொடைக்கானலில்தான். அவர் 1981இல் வெளியிட்ட 'ஆஸ்போர்ன் 1' கணினியைப் பெட்டிபோல மூடிக் கைப்பிடியைப் பற்றித் தூக்கிக்கொள்ளலாம். எடை 11 கிலோ. திரை வெறும் 5 அங்குலம். விலை 1,795 டாலர். இவ்வளவும் இருந்தது, அந்தப் பெட்டியோடு மின்கலம் வரவில்லை. தூக்கிக்கொண்டு போன இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் அது கணினி. இல்லாவிட்டால்? 11 கிலோ சுமை, அவ்வளவுதான்.

அரை டன்னிலிருந்து 11 கிலோ. 11 கிலோவிலிருந்து இன்றைக்கு ஒன்றரைக் கிலோ. எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது, நியாயம். சார்பு குறைந்ததா? இதைத்தான் உங்களைக் கேட்கிறேன். லாம்டன் கூடாரத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை, இணையம் தேவைப்படவில்லை. ஆஸ்போர்ன் பெட்டிக்கு மின்சாரம் தேவை; இணையம் தேவையில்லை. நம்முடைய ஒன்றரைக் கிலோ மடிக்கணினிக்கு மின்சாரமும் வேண்டும், இணையமும் வேண்டும், எங்கோ ஒரு தரவு மையத்தில் உள்ள வழங்கியும் வேண்டும், கடவுச்சொல்லை உறுதிசெய்யக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்தாக வேண்டும். சுமை இறங்க இறங்கச் சார்பு ஏறியிருக்கிறது. ஆகவே பயணப் பணியிடத்தை எடைபோடும்போது தராசில் வைக்க வேண்டியது கிலோ மட்டுமல்ல. எத்தனை வெளிப்பொருள்களை நம்பி இது ஓடுகிறது என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பைக்குள் இருக்கும் பாதியைக் கணக்குப் பார்ப்போம். மின்சாரத்திலிருந்து தொடங்குகிறேன். எழுத்து வேலை, கணக்கு வேலை செய்யும் சாதாரண மடிக்கணினி மணிக்குப் பத்துப் பன்னிரண்டு வாட்-மணி செலவழிக்கும். அதன் மின்கலம் 50 வாட்-மணி என்றால் நான்கு மணி நேரத்துக்குமேல் ஓடும். 20,000 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்ட பவர் பேங்கில் இருப்பது 74 வாட்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 60 தேறும். அது இன்னும் ஐந்து மணி நேரம். பவர் பேங்க் வாங்கும்போது மில்லி ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மடிக்கணினிக்குப் போதுமான வேகத்தில், 45 அல்லது 65 வாட்டில், டைப்-சி வழியாக அது மின்சாரம் தருகிறதா என்று பாருங்கள். கைப்பேசிக்கு மட்டும் போதுமான பவர் பேங்க் மடிக்கணினியோடு மல்லுக்கட்டித் தோற்கும். திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் 100 வாட்-மணிக்கு உட்பட்டதையே வைத்துக்கொள்ள வேண்டும், அதையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. இரவு உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்கள் ரயில் பெட்டியின் சார்ஜிங் பாயின்ட்டை நம்பிப் படுக்கக் கூடாது. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அவற்றில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டை ரயில்வே வற்புறுத்தியிருக்கிறது. ஏறுவதற்கு முன்பே வயிற்றை நிரப்பிக்கொள்வது கணினிக்கும் நல்லது.

அடுத்தது இணையம். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் வைத்திருப்பவர் ஒரு சிம் வைத்திருப்பவரே. ஒரு கோபுரம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து சாயும். வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இரண்டு இருக்க வேண்டும். முகம் காட்டிப் பேசும் ஒரு மணி நேரக் கூட்டம் ஏறத்தாழ ஒரு ஜிபியை விழுங்கிவிடும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று திட்டம் போட்டிருக்கிறவருக்கு இரண்டு கூட்டத்தோடு அன்றைய பொழுது சரி. குரல் மட்டும் போதும் என்று கேமராவை அணைத்தால் செலவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். அதைவிட முக்கியம், இணையம் இல்லாதபோதும் நடக்கும் வேலை எது, இணையம் இருந்தால்தான் நடக்கும் வேலை எது என்று முதல் நாள் இரவே பிரித்து வைத்துக்கொள்வது. கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டால் திருவாரூருக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் சமிக்ஞை விட்டு விட்டு வரும்போதும் கை நிற்காது.

மூன்றாவது, தரவின் பாதுகாப்பு. கணினி தொலையலாம், நனையலாம், கீழே விழலாம். எந்தக் கோப்புக்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். இரண்டு வேறுவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது கணினித் துறையில் பழகிய விதி. அதோடு கணினியின் சேமிப்பகத்தை முழுவதும் பூட்டுக் குறியீட்டால் (encryption) பூட்டி வைக்க வேண்டும். பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. பிறருடைய விவரங்களைக் கையாள்கிறவருக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பு விதித்திருக்கிறது; பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரையை எட்டிப் பார்க்கிறார் என்பது இனி வெறும் சங்கடமாக நின்றுவிடாது.

நான்காவது, உடம்பு. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. விசைக்குக் கை எட்டினால் திரைக்குக் கழுத்து குனியும். திரைக்குக் கழுத்து நிமிர்ந்தால் விசைக்குக் கை தூக்கும். ஆகவே மடக்கும் தாங்கி ஒன்று, தனி விசைப்பலகை ஒன்று, இந்த இரண்டும் பையில் இருந்தால் திண்ணையும் மேசையாகும், சத்திரத்துத் திட்டும் மேசையாகும். அரைக் கிலோ கூடுகிறதே என்று இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள், அந்த அரைக் கிலோவைக் கழுத்தில் சுமப்பார்கள். நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். 45 டிகிரிக்குமேல் சூடேறிய மின்கலத்தில் சார்ஜ் ஏற்றக் கூடாது. சித்திரை மாதத்தில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் கணினியை விட்டுப் போகிறவர் அதன் ஆயுளையும் அங்கேயே விட்டுப் போகிறார்.

சரி, இத்தனையும் செய்தாயிற்று. கட்டுச்சோறு கட்டியாயிற்று. இது எத்தனை நாளைக்கு? நம் ஊரில் மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிப்பதுண்டு, பத்திரிகைகளிலும் வரும். பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் வரும். எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினி நான்கு மணி நேரம், பவர் பேங்க் ஐந்து மணி நேரம், மொத்தம் ஒன்பது. ஒரு நாளைக்குச் சரியாக வருகிறது. இடையில் இரண்டு காணொளிக் கூட்டம் வந்தால் அதுவும் வராது. கையில் பிடித்திருக்கும் கைப்பேசியும் ஹாட்ஸ்பாட்டில் காய்ந்துபோகும். ஆகப் பை தாங்குவது ஒரு நாள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை இந்த அவையில் யாரும் மறந்திருக்க முடியாது. இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் நின்றால் கைப்பேசிக் கோபுரமும் தன் மின்கலம் தீரும்வரைதான் பேசும். அங்கே எந்தப் பை உதவும்? எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பை உதவும்? தனிமனிதருடைய முன்னெச்சரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, அது ஏறத்தாழ ஒரு நாள் என்பதை நம் ஊர் மின்தடையே அளந்து காட்டிவிட்டது. அந்த எல்லைக்கு அப்பால் ஊர் நின்றாக வேண்டும்.

ஊர் நிற்குமா? இந்த மண்ணில் இதைக் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே நின்று காட்டிய மண் இது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம். 1799 உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பெனியாரிடம் போய்விட்டது. அந்த நிலையிலும் 1801இல் சரபோஜி மன்னர் தஞ்சை ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்குக் கடிதம் எழுதி, சத்திரங்களைத் தம்மிடமே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதத்தில் அவர் விவரிக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். வழிப்போக்கர் யாராயிருந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசியும் சாமான்களும் உண்டு. நோயாளிக்கு மருத்துவர் உண்டு. பிள்ளைகளுக்கு ஆசிரியர் உண்டு. நள்ளிரவில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம்! நாடு கைவிட்டுப் போனபிறகும் எதைக் கைவிட மனம் வரவில்லை அந்த மன்னருக்கு? வழியில் வருகிறவனுக்கான ஏற்பாட்டை. பயணிக்கு என்னென்ன தேவை என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் ஒழுங்குசெய்த ஏற்பாடு அது. சாதி பார்த்துப் பந்தி பிரித்த காலம் அது என்பதையும் நான் மறைக்கவில்லை. அந்தக் குறையை விட்டுவிட்டு அந்த எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நம் கடமை.

இன்னொரு சான்று, அதைவிட அருகிலிருந்து. 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகங்கள். கனகசபைப் பிள்ளை அவர்கள் அமைத்த அந்த வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். உலகம் முழுவதும் நூலகத் துறையினர் வணங்கும் அந்த மேதை நம் படுகையின் பிள்ளை. வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போகட்டும் என்று வண்டி ஊர் ஊராகப் போயிற்று. ஆனால் ரங்கநாதன் வண்டியோடு நின்றுவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஊர்தோறும் நிலையான நூலகம், அதற்குச் சட்டம், அந்தச் சட்டத்தின்கீழ் நிதி என்று பாடுபட்டார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. இன்றும் நாம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். வண்டியும் வேண்டும், கட்டடமும் வேண்டும் என்பதை அவர் செய்துகாட்டினார். நான் சொல்வதும் அதுவே. பாதி பையில், பாதி ஊரில்.

இன்றைக்கு ஊர்ப் பாதி எந்த நிலையில் இருக்கிறது? வெறுமையாக இல்லை. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டம் நடந்துவருகிறது. திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் தேசிக்ரூ என்ற நிறுவனம் மையம் அமைத்து, தரவு வேலையைக் கிராமத்துக்கே கொண்டுவந்தது. படித்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், ஊரைவிட்டுப் போகாமலே கணினி வேலை பார்க்கலாம் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. ஆனால் டைடல் பூங்கா நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் இடம். மூன்று நாள் தங்கப் போகும் ஒருவர் பையோடு போய் உட்காரும் இடமில்லை. கண்ணாடி இழை ஊராட்சி அலுவலகம்வரை வருகிறது. அதன் முன்னால் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. போர்ச்சுகல் நாட்டின் மதேரா தீவில் போன்டா டூ சோல் என்ற சிற்றூர் 2021இல் என்ன செய்தது தெரியுமா? ஊரின் பண்பாட்டு மையத்தில் மேசை போட்டு, இணையம் கொடுத்து, உலகின் எந்த மூலையிலிருந்தும் கணினியோடு வருகிறவர்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தது. பெரிய முதலீடு இல்லை. இருந்த கட்டடத்தில் இருந்த அறையைத் திறந்துவிட்டார்கள். சத்திரம் கட்டிய ஊருக்கு இது கைவராத கலையா?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இது சென்னை, பெங்களூருவில் கைநிறையச் சம்பளம் வாங்கும் சிலருக்கான வசதிதானே, இதற்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சம்பளம் அதிகம் வாங்குகிறவருக்குப் பொது அறை தேவையே இல்லை. அவர் நல்ல விடுதியில் அறை எடுத்துக்கொள்வார், வீட்டில் இன்வெர்ட்டர் வைத்துக்கொள்வார். பொது அறை யாருக்குத் தேவை? கும்பகோணத்தில் அச்சுக்கோப்பு வேலை வாங்கிச் செய்பவருக்கு, வீட்டிலிருந்தே பாடம் எடுக்கும் ஆசிரியைக்கு, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்து மறுபடி வேலையைத் தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு, நெல் கொள்முதல் நிலையத்துக்கு இணையத்தில் பதிவுசெய்ய வழி தெரியாமல் நிற்கும் உழவரின் மகனுக்கு. கட்டுச்சோறு இல்லாதவனுக்குத்தான் சத்திரம் பெரிது.

தனியார் செய்துகொள்ளட்டுமே என்பது அடுத்த மறுப்பு. கும்பகோணத்தில் செய்வார்கள், தஞ்சாவூரில் செய்வார்கள். கூட்டம் வரும் இடத்தில் காபிக் கடைக்காரரே மேசைக்கு மேசை பிளக் பாயின்ட் வைத்துவிடுவார். நன்னிலத்தில்? திருத்துறைப்பூண்டியில்? அங்கே பிழைப்பு நடத்தும் அளவுக்குக் கூட்டம் வராது, ஆனால் வருகிற பத்துப் பேருக்கு வேறு வழியும் இருக்காது. சத்திரம் கட்டியவர்கள் இலாபம் வரும் இடம் பார்த்துக் கட்டவில்லை. நடந்து வருகிறவனின் களைப்பைப் பார்த்துக் கட்டினார்கள்.

நிறுவனங்கள் இதற்கு ஒப்புமா, தகவல் கசியாதா என்ற அச்சமும் உண்டு. தொலைத்தொடர்பு விதிகளே முன்பு குறுக்கே நின்றன. அழைப்பு மைய வேலையை ஊழியர் வேறிடத்திலிருந்து செய்வதற்குக் கடுமையான நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது அவை தளர்ந்தன. அந்த ஆண்டு நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, நாட்டின் எந்த இடத்திலிருந்தும் வேலை பார்க்க வழிவிட்டது. எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று விதி சொல்லிவிட்டது. அந்த 'எங்கிருந்தும்' என்பதில் நம் ஊரும் சேர்ந்ததா இல்லையா என்பதே இப்போது கேள்வி. பூட்டுக் குறியீடும் பிரதிகளும் ஒழுங்காக இருக்கும் ஊழியர், கதவுள்ள அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது பேருந்து நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதைவிட நிறுவனத்துக்கும் பாதுகாப்பு.

இன்னொரு மறுப்பு எனக்கு மிகவும் பிடித்த மறுப்பு. ஊருக்கு வந்தவனை ஓய்வாக விடக்கூடாதா, அங்கேயும் அலுவலகத்தைத் துரத்திக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்கிறார்கள். துரத்திக்கொண்டு வரக் கூடாதுதான். ஆனால் இன்று நடப்பது என்ன? இடம் இல்லாததால் வேலை வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கணினி, பாட்டி பேசினால் சைகை, குழந்தை அழுதால் கதவடைப்பு. போய் வேலை பார்த்துவிட்டு ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு வர ஓர் இடம் இருந்தால், வீடு வீடாக இருக்கும். வேலைக்கு எல்லை வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இந்த அறையை எதிர்க்கக் கூடாது. முதல் ஆளாக வந்து கேட்க வேண்டும்.

கடைசி மறுப்பு இந்த மண்ணின் மறுப்பு. நெல் விளையும் பூமியில் கணினிக்கு என்ன வேலை, இருக்கும் பிள்ளைகளும் வயலை விட்டுப் போய்விடுவார்களே என்கிறார்கள். 2020இல் தமிழக அரசு சட்டம் இயற்றிக் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. வயலைக் கெடுக்கும் தொழில்கள் இங்கே வரக் கூடாது என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அப்படியானால் ஒரு சென்ட் வயலை எடுக்காத, ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவு விடாத தொழில் எது என்று நாம்தானே தேட வேண்டும்? வயலை விட்டுப் பிள்ளைகள் போவது கணினி வருவதால் புதிதாக நடக்கப் போவதில்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். குறுவை அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் வந்து பத்து நாள் தங்கி, பகலில் வேலையும் பார்த்து, காலையும் மாலையும் வயலையும் பார்த்துவிட்டுப் போக வழியிருந்தால், அவர்களுக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகாது.

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று. வட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் பொது நூலகத்தில் ஓர் அறையை ஒதுக்குங்கள். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை அது திறந்திருக்கட்டும். அந்த அறையில் மின்தடையைத் தாங்கும் மின்கலத்தையும் மண் இணைப்புள்ள மூன்றுமுனைப் பிளக் பாயின்ட்டுகளையும் கண்ணாடி இழை இணைப்பையும் நிமிர்ந்து உட்காரும் நாற்காலியையும், பெண்கள் தயக்கமின்றி வந்துபோகத் தூய கழிப்பறையையும் வையுங்கள். மூன்றாவதாக, கணினி பழுதுபார்க்கத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரை அங்கே அமர்த்துங்கள்; லாம்டன் கூடாரத்தில் நாம் கண்ட ஆறு வார வேலையை அவர் ஆறு மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார். கட்டடம் இருக்கிறது, வரி கட்டுகிறோம், கம்பி வந்துகொண்டிருக்கிறது. இவற்றைச் சேர்த்து வைக்கும் முடிவு ஒன்றுதான் மிச்சம்.

பையைத் தயார் செய்யும் பொறுப்பு உங்களுடையது இளைஞர்களே. அதில் சாக்குச் சொல்லாதீர்கள். அறையைத் திறந்து வைக்கும் பொறுப்பு நகராட்சி உறுப்பினர்களே, நூலக ஆணைக்குழுவினரே, உங்களுடையது. அதில் காலம் கடத்தாதீர்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது இந்த ஓர் அறைக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுதவில்லை என்றால் ஏன் எழுதவில்லை என்று கேட்க இந்த அவையில் இருப்பவர்கள் வருவார்கள், அவர்களோடு நானும் வருவேன்.